உப்பு ஆவியாவதில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுத ஆரம்பித்தது என் அக்காவைக் கிண்டல் செய்வதற்காக. வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. அவள் கையால் ஒரு மீன் தொட்டி செத்துப்போயிருந்தது. எனக்கோ ஆறு மாதமாக எழுத எதுவும் அகப்படவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் எழுதுகிறவன் சும்மா இருப்பானா? வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான்.

இப்போது இதை எழுதும்போது அந்தக் கிண்டலில் ஒரு துளிகூட என்னிடம் மிச்சமில்லை. பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுகிறது. நான் மிகைப்படுத்துகிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை மிகைப்படுத்தவில்லை.

முதல் வரைவின் பகுதிகளைக் கீழே அப்படியே தருகிறேன். அதில் ஒரு தவறு இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை, விஷயப்பிழை. அந்த இடம் வரும்போது நானே விரல் நீட்டிக் காட்டுகிறேன். திருத்த மட்டும் மாட்டேன். திருத்திவிட்டால் நான் யோக்கியனாகத் தெரிவேன்.

2

தொடக்கம் ஒன்று: “அத்தான் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் இருந்தது.”

அடித்துவிட்டேன். கேட்க அழகாக இருக்கிறது, அதுதான் சந்தேகம். மொத்தம் நூற்றிருபது லிட்டர். நூற்றிருபது லிட்டரைக் கடல் என்றால் பக்கெட்டைக் குளம் என்று சொல்ல வேண்டியதுதான்.

தொடக்கம் இரண்டு: “பொய்ப் பல் செய்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம். ஏனென்றால் பல் என்பது”

இதைப் பாதியிலேயே விட்டேன். பல் என்பது என்ன என்று எனக்குத் தெரியாது.

தொடக்கம் மூன்று: “ஒன்பது வருஷம் வளர்த்த ஜோடி மீனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டு, அத்தான் தன் மனைவியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.”

இது பரவாயில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்வி என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலே எழுதினேன். தெரிந்த அன்றைக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மொத்தமே மூன்று பேர்தான். அத்தான், என் அக்காவின் கணவர். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப் பல் செய்து கொடுப்பது தொழில். யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை விரல் நுனியில் பிடித்து நாள் முழுக்க ராவிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தால் தொட்டிக்கு முன்னால் ஒரு முக்காலி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன், நான்கைந்து நத்தை, பிறகு ஒரு பவளம். அந்தப் பவளத்தைச் சுண்டுவிரல் நகத்தளவு துண்டாக வாங்கிவந்து இரண்டு கை அகலத்துக்கு வளர்த்திருந்தார். விருந்தாளி வந்தால் அக்காவை அறிமுகப்படுத்துவதற்கு முன்னால் அதை அறிமுகப்படுத்துவார்.

அக்கா கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். பத்தொன்பது வருஷம். அவள் உட்காரும் பக்கத்தில் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சுவரைப் பார்த்து ஓட்டினால் அவள் அதை மிதிப்பாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. என்னிடம் சொல்லிக் காட்டுவதற்கு அவளிடம் வேறு பெருமை கிடையாது, இதுவே போதுமான அளவுக்கு இருந்தது.

மூன்றாவது ஆள் நான். தம்பி. வீட்டுச் சாதனங்களுக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதுவது என் பிழைப்பு. “முதலில் இணைப்பைத் துண்டிக்கவும்”, “ஈரக் கையால் தொடாதீர்கள்” என்று நீங்கள் படிக்காமலே தூக்கிப்போடுகிறீர்களே அந்தச் சின்னப் புத்தகம், அதை எழுதுகிறவன். ஆகையால் எந்த மிஷினையும் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு உண்டு.

3

முதல் வரைவிலிருந்து:

“உப்புநீர்த் தொட்டியின் தீராத தொல்லை ஆவியாதல். மேலே விளக்கு, பக்கத்தில் விசிறி. நாளொன்றுக்கு மூன்று லிட்டர் காற்றில் போய்விடும். இதற்கென்று ஒரு மிஷின் இருக்கிறது. தொட்டிக்குள் பட்டாணி அளவில் ஒரு கண். தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கினால் அது பார்த்துவிடும். உடனே கீழே மரப்பெட்டிக்குள் இருக்கும் முப்பது லிட்டர் டப்பாவிலிருந்து ஒரு குட்டி மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். மட்டம் சரியானதும் தானே நின்றுவிடும். டப்பா காலியானால் கத்தும். குறைந்த கடல்நீருக்கு ஈடாக அதே கடல்நீர். மனிதன் மறந்தாலும் மிஷின் மறக்காது.”

[இதுதான். கடைசிக்கு முந்தைய வாக்கியம். அதில் என்ன தவறு என்று உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் மீன் வளர்க்கிறவர், தயவுசெய்து கொஞ்ச நேரம் வாயைத் திறக்காதீர்கள். தெரியாவிட்டால் நீங்கள் என் கட்சி. அந்த வாக்கியத்தை எழுதியபோது நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.]

4

நடந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புதிதாக ஒரு இயந்திரத்தில் பல் செய்யக் கற்றுக்கொள்வதற்காக அத்தான் பன்னிரண்டு நாள் வெளியூர் போனார். திரும்பி வந்தபோது பவளம் அழுகி வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. அந்த அழுகலில் தண்ணீர் கெட்டு, மீன்களும் அடுத்தடுத்துப் போய்விட்டன. என்ன ஆயிற்று என்று போனில் கேட்டேன். “உங்க அக்கா டப்பாவுல தப்பான தண்ணிய ஊத்திட்டா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர் அக்காவோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “சாப்பாடு”, “சாவி”, “கதவு” என்று ஒற்றைச் சொல்லில் குடும்பம் நடந்தது.

எந்தத் தப்பான தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவர்கள் வீட்டுப் பால்கனியில் மூடி போட்ட இரண்டு நீல டிரம் இருக்கும். ஒன்றில் வடிகட்டின நல்ல தண்ணீர். இன்னொன்றில் வாராவாரம் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு மாற்றுவதற்காகக் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர். எது எது என்று எழுதி ஒட்டவில்லை, அத்தானைத் தவிர யார் தொடப்போகிறார்கள்? கடல் மீனுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முதல் வரைவில் அக்கா வரும் இடம்:

“இரண்டு நாள் வெளியூர் வேலையை முடித்துக்கொண்டு வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. மிஷின் கத்திக்கொண்டிருந்தது. ‘டப்பா காலி, நாளைக்கு நிரப்பிடு’ என்று கணவன் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வாளியை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பயிற்சிப் பள்ளி முதலாளி. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ‘ஆமா சார், ஏழு மணி வகுப்புதானே, எடுத்துக்கறேன்’ என்று பேசியபடியே ஒரு டிரம்மின் மூடியைத் திறந்தாள். இடதா வலதா என்று பார்க்கவில்லை. மூன்று வாளி. மூன்றாவது வாளி தளும்பித் தரையில் சிந்தியது. காலாலேயே மிதியடியை இழுத்து அதன் மேல் போட்டாள்.”

[இதில் எது உண்மை, எது என் சரக்கு என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். அக்கா இரண்டு நாள் ஊரில் இல்லை, அது உண்மை. அந்த இரண்டு நாளும் மீனுக்குத் தீனி போடச் சாவி வாங்கிக்கொண்டு போனவன் நான். முதல் நாளே மிஷின் பீப் பீப் என்று கத்தியது. சரி, நாம் நிரப்பிவிட்டால் அக்காவுக்கு ஒரு வேலை மிச்சம் என்று மூன்று வாளி ஊற்றி வைத்தவனும் நான்தான். அக்கா ஊற்றியது அதற்குப் பிறகு என்றைக்கோ. வரைவுக்கு முந்தைய குறிப்புகளில் “தம்பி வந்து டப்பாவை நிரப்பிவிட்டு” என்று ஒரு வரிகூட இருந்தது. வெட்டிவிட்டேன். ஒரு டப்பாவை இரண்டு பேர் இரண்டு தடவை நிரப்பினால் கதை தொங்கும். வேண்டாத பாத்திரத்தைத் தூக்கு என்பது தொழில் தர்மம்.

போன் முழுக்க முழுக்கக் கற்பனை. அக்கா கையில் வேலை இருக்கும்போது போனைத் தொடவே மாட்டாள். அவளுடைய தொழில் அப்படி. ஆனால் இப்படி ஒரு கவனக்காரி தப்பு செய்ய ஏதாவது காரணம் வேண்டாமா? போட்டேன். சிந்திய தண்ணீரும் மிதியடியும்கூட நான் போட்டவைதான். பெரிய பொய் நிற்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஈரமாக ஒரு சின்னப் பொய்யை வைத்துவிட வேண்டும். இந்த ரகசியம் எழுதுகிற எல்லோருக்கும் தெரியும்.]

5

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அக்காதான். கொடுத்துவிட்டு இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை, செருப்பு பறக்குமோ என்ற பயம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போனேன்.

தொட்டி கூடத்தில் அதே இடத்தில் இருந்தது. உள்ளே காய்ந்த மணல். அக்கா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

“படிச்சியா?”

“ரெண்டு தடவ.”

“கோவமா?”

“கோவமாவா? உனக்கு நான் நன்றி சொல்லணும்டா. உக்காரு.” கத்தியைக் கீழே வைத்தாள். “ஒரே ஒரு இடத்துலதான் மாத்தி எழுதிட்ட. அந்த டப்பாவுல போக வேண்டியது நல்ல தண்ணி. நீ கடல் தண்ணின்னு எழுதியிருக்க.”

“கடல் தொட்டிதானேக்கா?”

“கடல் தொட்டிதான். ஆனா காத்துல போறது வெறும் தண்ணிடா. உப்பு எங்க போகும்? உப்புப் போட்டுத் தண்ணிய கொதிக்கவிட்டா, வத்தினதுக்கு அப்புறம் சட்டியில என்ன நிக்கும்? உப்பு உள்ளயே தங்கிடும். அதனால குறைஞ்சதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். உப்புத் தண்ணியவே ஊத்தினா உப்பு மேல உப்பு ஏறிக்கிட்டே போகும். நான் அதத்தான் பண்ணிட்டேன். உப்புத் தண்ணிய ஊத்திட்டேன்.”

நான் ஊற்றிய மூன்று வாளி ஞாபகம் வந்தது. எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள்.

“நாலு மாசமா எனக்குப் புரியாம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அவர் வந்த அன்னிக்கு என்னப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ‘நான் டப்பாவ காலியா வெச்சிட்டுப் போனேன். நீ வந்தப்ப நிரம்பி இருந்துச்சுன்னு சொல்ற. அது தானா நிரம்புச்சா?’ எனக்குப் பதிலே தெரியல. கடைசியில ஒரு தடவ, அவர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்ன, நான் ஊத்தினேன். அது நல்லா ஞாபகம் இருக்கு, வலது டிரம், நல்ல தண்ணி. ஆனா முதல் தடவ யார் ஊத்தினது? அவர் இல்ல. அப்ப நான்தான? வீட்டுல வேற யார் இருக்கா? நீ வந்தது தீனி போட மட்டும்தான. எனக்கே என் மேல பயம் வந்துடுச்சு. பண்ணினது மறந்துபோற அளவுக்கா ஆயிட்டோம்னு.”

“அக்கா…”

“இரு, சொல்லி முடிக்கிறேன். உன் கதையப் படிச்சதும்தான் எல்லாம் திரும்பி வந்துச்சு. எப்படிடா உனக்குத் தெரிஞ்சது? அந்தப் போன் வந்தது, தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசினது, ஏழு மணி வகுப்பு. அந்த மிதியடி கூட! மறுநாள் வரைக்கும் அது காயவே இல்லடா.”

மறுநாள் வரைக்கும் காயவில்லை என்று நான் எழுதவில்லை. நீங்கள் வேண்டுமானால் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அது அவளே சேர்த்தது.

படித்த அன்றைக்கே கதையை எடுத்துக்கொண்டு போய் அத்தானிடம் படித்துக் காட்டினாளாம். நான்தான், எனக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்றாளாம். நான்கு மாதம் வாய் திறக்காத மனிதர் உடைந்து அழுதாராம். அவருக்கு மீன் செத்ததைவிட, அவள் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள் என்பதுதான் தாங்கவில்லையாம்.

அந்த நேரம் அத்தானே உள்ளே வந்தார். என் தோளில் தட்டினார். அவர் யார் தோளையும் தட்டுகிற ஆள் இல்லை.

“நல்லா எழுதியிருக்கீங்க மச்சான். தண்ணி விஷயம் ஒண்ணுதான் தலைகீழ். அத மாத்திடுங்க” என்றார்.

அக்கா அவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள். அவர் “நீயும் உக்காரு” என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வாயைத் திறப்பேன்?

கிளம்பும்போது வாசல் வரை வந்தவள் மெதுவாகச் சொன்னாள். “வேலைய விடறேன்டா. இந்த மாசத்தோட. எழுதிக் கொடுத்துட்டேன்.”

“ஏன்?”

“பக்கத்துல ஒரு பொண்ணு ஓட்டிக்கிட்டு இருக்கு. எதிர்ல ஒண்ணுமே வரல. நான் பிரேக்க மிதிக்கிறேன். நேத்து மட்டும் ஆறு தடவ. அந்தப் பொண்ணு நெத்தியில இடிச்சுக்கிச்சு. என் மேல எனக்கே நம்பிக்கை இல்லடா. மூணு வாளி தண்ணி ஊத்தினத மறந்தவ, நாளைக்கு மிதிக்க வேண்டிய நேரத்துல மிதிக்க மறந்தா?”

6

இனி வரைவு இல்லை. இது நான் செய்தது.

மிஷின் கத்தியது. மரப்பெட்டியைத் திறந்தேன், டப்பா காலி. பால்கனிக்குப் போனேன். இரண்டு டிரம், ஒரே நிறம், ஒரே உயரம். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை எடுத்து ஊற்றியிருந்தால்கூட பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும். நான் பொறுப்பானவன் ஆயிற்றே! இடது டிரம்மில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன், கரித்தது. வலது டிரம்மில் நனைத்து வைத்தேன், சப்பென்று இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. பிறகு கரித்ததை எடுத்து மூன்று வாளி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினேன். அவ்வளவு கவனம்.

கடல் மீனுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடக் கூடாதே என்று பயந்து செய்தேன். ஐயோ, அதை நினைத்தால்தான்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விடுகிறேன்.)

கணக்குப் போட்டேன். இது நான் நல்லவன் என்று காட்டுவதற்கு இல்லை, தப்பிக்க ஏதாவது சந்து கிடைக்குமா என்று பார்ப்பதற்கு. கடல்நீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. மூன்று வாளி, முப்பது லிட்டர். ஒரு கிலோவுக்கு மேல் உப்பு. அந்த மிஷின் நாளொன்றுக்கு மூன்று லிட்டராக, சொன்ன சொல் தவறாமல், பத்து நாளில் அத்தனையையும் தொட்டிக்குள் ஏற்றிவிட்டது. முப்பத்தைந்தில் இருந்த உப்பு நாற்பத்து மூன்று சொச்சமாகும். அத்தான் வந்து அளந்தபோது காட்டியது நாற்பத்து மூன்று. அக்கா கடைசியில் ஊற்றியது எந்தத் தண்ணீராக இருந்தாலும், இரண்டே நாளில் அதிலிருந்து ஆறு லிட்டர்தான் உள்ளே போயிருக்கும். அது யாரையும் கொல்லாது. சந்து எதுவும் இல்லை.

அத்தான் வந்த அன்றைக்கு டப்பாவில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாலே போதும், அவள் ஊற்றியது நல்ல தண்ணீர் என்று தெரிந்து அக்கா தப்பித்திருப்பாள். ஆத்திரத்தில் அத்தான் டப்பாவோடு தூக்கிக் குளியலறையில் கவிழ்த்துவிட்டார்.

மிஷினையும் அவர் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார். ஓடினேன். அதன் ஞாபகத்தில் ஏதாவது பதிந்திருக்காதா, என்றைக்கு எவ்வளவு, எந்தத் தண்ணீர் என்று? கடைக்காரர் பெட்டியைத் திறந்து என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அளவுகூட இல்லை.

“சார், இதுக்கு ரெண்டே விஷயம்தான் தெரியும். தண்ணி இறங்குச்சா, ஏறுச்சா. எந்தத் தண்ணி, யார் ஊத்தினாங்க, அதெல்லாம் இதுக்கு எதுக்கு?” என்றார். “எல்லாரும் ஒருக்கா இந்தத் தப்ப பண்ணுவாங்க சார். கடல் மீனுக்குக் கடல் தண்ணின்னு. படிச்சவங்கதான் அதிகமா பண்ணுவாங்க.”

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று சொல்வார்கள். இங்கே உப்பைத் தின்றவன் நான். தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவள் அக்கா.

7

முடிவுகள். மூன்றும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: தம்பி உண்மையைச் சொல்கிறான். அக்கா அவன் முதுகில் நாலு சாத்து சாத்துகிறாள். அத்தான் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார். அடுத்த வாரம் புது மீன் வருகிறது.

— அடித்தேன். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு ஆ: தம்பி சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி ஒன்றாகிவிட்டார்கள், இனி எதற்குக் கிளறுவது? அக்கா வேலையை விடுகிறாள். நாளாக ஆக அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று நாலு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆளாக

— அடித்தேன். இது நடக்கக்கூடியது. நடக்கக்கூடியதை எழுதிப் பார்த்தபோது கை ஓடவில்லை.

முடிவு இ: அத்தானிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி, அவரை விட்டு

— கோழைத்தனம். இதற்கு அடிக்கக்கூடத் தேவையில்லை.

ஆகவே கதை என்ன கேட்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு எழுந்து போனேன். போய்ச் சொன்னேன்.

8

அக்கா பயிற்சிக் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். “வா, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம். நீ ஓட்டு” என்றாள். என்னை ஓட்டவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் திருப்பத்திலேயே காரணமில்லாமல் கார் குலுங்கி நின்றது. “மன்னிச்சுக்கடா” என்றாள். காலை இழுத்துச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓரமாக நிறுத்தினேன்.

“அக்கா, அது நீ இல்ல. நான்.”

“எது?”

“உப்புத் தண்ணி. நீங்க ரெண்டு பேரும் ஊர்ல இல்லாதப்ப, நான்தான் டப்பாவ நிரப்பினேன். ரெண்டு டிரம்மையும் நாக்குல வெச்சுப் பார்த்தேன். உப்பா இருந்ததத்தான் ஊத்தணும்னு நெனச்சு அத ஊத்தினேன்.”

அவள் என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள், அடிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவள் கண் கலங்கியது. பிறகு சிரித்தாள்.

“நாக்குல வெச்சுப் பார்த்தேன்னு சொன்ன பாரு, அது நல்லா இருக்குடா. கதையில சேத்துக்க.”

“கதை இல்லக்கா! நெஜமா.”

“எனக்காகச் சொல்றன்னு தெரியுது. வேலைய விடறேன்னு சொன்னதுலேர்ந்து உன் மூஞ்சியே சரியில்ல.”

“அக்கா, போன் நான் கட்டினது. ஏழு மணி வகுப்பு நான் கட்டினது. மிதியடி நான் கட்டினது. எதுவுமே நடக்கல!”

“டேய், ஈரம் என் கால்ல பட்டது ஞாபகம் இருக்குடா.” அவள் குரல் இறங்கிவிட்டது. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். “நான் ஊத்தினப்ப நீ அங்க இல்ல. நான்தான் அங்க இருந்தேன். எனக்குத் தெரியாதா?”

“அப்ப முன்னாடியே சொல்லியிருக்க மாட்டியா? நாலு மாசம் ஏன் ஞாபகம் வரல?”

“அதான் சொல்றேன்ல, மறந்திருந்தேன். அதுதான என் வியாதியே.”

எந்தப் பக்கம் போனாலும் நான் கட்டிய சுவர்தான் குறுக்கே நின்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, நாலு மாசம் நான் பட்டது உனக்குத் தெரியாது. பண்ணலன்னு சத்தியம் பண்ணவும் முடியல, பண்ணினேன்னு ஒத்துக்கவும் முடியல. இப்பதான் ஒரு நிம்மதி. பண்ணினது நான்னு தெரிஞ்சுபோச்சு, அவரும் மன்னிச்சுட்டார். அதக் கெடுக்காத. என் செல்லம்ல?”

அத்தானிடமும் சொன்னேன். “உங்க அக்காவுக்காக இவ்வளவு தூரம் இறங்கி வர்றீங்க பாருங்க, பெரிய மனசு மச்சான்” என்றார். பயிற்சிப் பள்ளி முதலாளியைப் போய்ப் பார்த்தேன், அன்றைக்கு அவளுக்குப் போன் பண்ணவில்லை என்று அவராவது சொல்வாரென்று. “நாலு மாசத்துக்கு முன்ன எந்தப் போன் எப்பப் பண்ணினேன்னு யாருக்குங்க ஞாபகம் இருக்கும்? பண்ணியிருப்பேன்” என்றார்.

பண்ணியிருப்பேன் என்றார்! அவரும் கதைக்குள் வந்து சேர்ந்துகொண்டார்.

9

இருபது வருஷமாக எழுதுகிறேன். நான் எழுதியதை ஒருத்தர்கூட முழுசாக நம்பியதில்லை. அத்தானே முன்பு ஒருமுறை, “எழுத்து சரி, ஆனா நடக்குற மாதிரி இல்லையே” என்று சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவை நம்பும்படியாக எழுதினேன். அது என் அக்காவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, நானே இழுத்தாலும் வெளியே வரமாட்டேன் என்கிறது.

இன்றைக்கு மாதத்தின் இருபத்திரண்டாம் தேதி. இன்னும் எட்டு நாளில் அவள் வேலையை விடுகிறாள். அதனால் இந்தக் கதைக்கு முடிவு எழுத மாட்டேன். முடியாமல் இல்லை. நான் எழுதினால் அது நன்றாக வந்துவிடும். நன்றாக வந்தால் அவள் அதைக் கதை என்று சொல்லிவிடுவாள். இதையும் அவள்தான் முதலில் படிப்பாள். படித்துவிட்டு, நாக்கில் வைத்துப் பார்க்கும் இடம் அருமை என்று சொல்லப்போகிறாள். எனக்கு இப்போதே காதில் கேட்கிறது.

உங்களுக்கு அவளைத் தெரியாது. அவளுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுத்தந்து, இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளப்போகிற ஒரு பெண்ணை எங்காவது பார்த்தால், அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். உப்பு, டப்பா, மிஷின், நான், எதைப் பற்றியும் பேச வேண்டாம். அன்றைக்குப் போன் வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.